கீழொன்று மேலொன்று

கிட்டாரில் ஸ்கேல் பயிற்சி என்றாலே பிக்கைக் கீழொன்று மேலொன்றாக மாற்றி மாற்றி மீட்டுவதுதான் என்று ஓதுகிறார்கள் ஆசிரியர்கள். மெட்ரோனோமின் வேகம் கூடுவதே வளர்ச்சி என்றும் நம்பவைக்கிறார்கள். கற்பித்தல் சடங்காகிவிட்டது.

ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரமாக ஏறுவோம். கீழ், மேல், கீழ் முடிந்த கணத்தில் பிக் அடுத்த தந்தியை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. விதியோ அத்தந்தியைத் தாண்டிப்போய் மேல்நோக்கித் திரும்பச் சொல்கிறது. போகிற போக்கிலேயே இன்னொரு கீழ்மீட்டு போட்டால் என்ன குறைந்துவிடும்?

1980 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் அல் டி மியோலாவும் ஜான் மெக்லாஃப்லினும் பிக்கால் வாசித்தார்கள். அதே மேடையில் பாகோ டி லூசியா ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அவர்களுக்கு ஈடுகொடுத்தார். வெஸ் மான்ட்கோமரிக்கோ கட்டைவிரலே போதுமாயிருந்தது.

மாற்றி மீட்டுவதை நான் நிராகரிக்கவில்லை. ஸ்வரங்கள் சீராக, திடமாக ஒலிக்க அது நல்ல வழிதான். ஆனால் ஒரே ஸ்கேலை மூன்று விதமாக மீட்டி, நாதம் எப்படி மாறுகிறதென்று கேட்கச் சொல்லாத ஆசிரியர் மாணவனின் விரலை மட்டுமே பழக்குகிறார். காதை அவர் தொடவேயில்லை.