சரித்திரமும் சாக்ஷியமும்

சேலம், நாமக்கல் பிரதேசங்களில் தத்தம் ஊர்ச் சரித்திரத்தை எழுத அன்பர்கள் பலர் முன்வருவது கண்டு மகிழ்கிறோம். ஆயினும், அச்சேறியதெல்லாம் உண்மை என்றும், நமக்கு உகந்ததெல்லாம் நடந்தது என்றும் அவருட் சிலர் கொள்வது நமக்குச் சம்மதமன்று. நூறு ரூபாய் கடன்பத்திர வழக்கிலே வக்கீல் கேட்கும் குறுக்குக் கேள்விகளில் ஒன்றிரண்டையேனும் ஒரு ஜில்லாவின் சரித்திரத்தை நோக்கிக் கேட்கலாகாதா?

1882-ஆம் வருஷத்துச் சேலம் கலகத்தை எடுத்துக்கொள்வோம். மசூதி ஒன்று இடிக்கப்பட்டது. கலகத்தைத் தூண்டியவரென்று, அப்பொழுது முனிசிபல் அங்கத்தினராயிருந்த ஸ்ரீ விஜயராகவாச்சாரியார் மீது குற்றஞ்சாட்டிப் பத்து வருஷ தண்டனையும் விதித்தார்கள். பின்னர் அவர் குற்றமற்றவரென ஏற்பட்டு விடுதலையடைந்தார். அம்மட்டோ? தமது ஸ்தானத்தைப் பறித்தது முறையன்றென இந்தியா மந்திரி மீதே வழக்குத் தொடுத்து, ஸ்தானத்தையும் 100 ரூபாய் நஷ்ட ஈட்டையும் பெற்றார். 1920-ல் நாகபுரி காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தவர் இவரே.

தண்டனைத் தீர்ப்பின் கட்டு மாத்திரம் செல்லுக்குத் தப்பி, ஏனைய யாவும் அழிந்துபோயிருந்தால் என்னவாகும்? பிற்காலத்துச் சரித்திராசிரியன் இப்பெரியாரைக் கலகக்காரர் என்றே எழுதியிருப்பான். அவனைப் பொய்யன் என்றல் தகாது. கையொப்பமும் முத்திரையும் உள்ள தஸ்தாவேஜையே அவன் நம்பினான். ஆனால் தஸ்தாவேஜு மெய்யானது என்பது வேறு, அதிற் கண்ட விஷயம் மெய்யானது என்பது வேறு. லெ பானு 1883-லும் ரிச்சர்ட்ஸ் 1918-லும் இந்த ஜில்லாவைப் பற்றித் தொகுத்த பெருநூல்களுக்கும் இது பொருந்தும். அவர்களது உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்நூல்களின்றி இந்த ஜில்லாவைப் பற்றி எழுதத் துணிவார் யார்? எனினும் அவை ஆளுவோரின் உபயோகத்திற்காக ஆளுவோர் தொகுத்தவை. குடியானவன் செலுத்திய தீர்வை அவற்றில் உண்டு. அவன் வாய்ச்சொல் அருமை.

இனி நம்மவர் பிழைக்கு வருவோம். அக்கலக வழக்கில் தண்டனையடைந்தோர் அந்தமான் செல்லுலர் சிறையில் அடைபட்டனரென்றும், அவர்களை விடுவிக்குமாறு ஆச்சாரியார் ரிப்பன் பிரபுவிடம் வாதாடினாரென்றும் எழுதி வருகிறார்கள். ரிப்பன் பிரபு இந்தியாவை விட்டுச் சென்றது 1884-ல். செல்லுலர் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896-ல், முடித்தது 1906-ல். கட்டாத சிறையில் அடைபடுவது எங்ஙனம்? அந்தமானில் கைதிகளைக் குடியேற்றியது 1858 முதற்கொண்டாதலால், தீவாந்தர தண்டனை மெய்யாயிருக்கலாம். சிறை மாத்திரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தேசபக்தர்கள் பலர் வாடிய இடமாதலின், பக்தியினால் யாரோ சேர்த்துவிட்டார் போலும். துவேஷம் செய்யும் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. பக்தி செய்யும் பிழையைத் தொட நமக்கே கை கூசுகிறது. ஆனால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கை கூசாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, ஆச்சாரியார் அடைந்த அநீதியும் கட்டுக்கதையே என்று சாதிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

பிறிதொன்றும் உளது. இவ்விருத்தாந்தத்தைக் கூறுவோர் தலைவரைக் கூறுகிறார்கள், சர்க்காரைக் கூறுகிறார்கள், கோர்ட்டைக் கூறுகிறார்கள். மசூதியை இழந்த முஸ்லிம்கள் அன்றைய தினத்தை எவ்வாறு நினைவு வைத்திருந்தார்கள் என்று கேட்போர் அரியர். அவர்களும் சேலத்துக் குடிகளே அன்றோ? 1882-ஐப் பற்றி இனி எழுதப் புகுவோர் அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் சென்று அமர்ந்து கேட்டல் வேண்டும். அங்கே பேரன் சொல்லுவதைப் பேரன் வாக்காகவே குறித்துக்கொள்ள வேண்டும், கண்ணாற் கண்ட சாக்ஷியமாக அன்று.