மருத்துவமனைக்கும் வேண்டும் கயிறு பிடிக்கும் ஆள்

தூத்துக்குடியில் பி.காம். மூன்றாம் வருடம் படிப்பவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சி.ஏ., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., இல்லாவிட்டால் ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனி. எம்.பி.ஏ. என்றால் ஃபைனான்ஸ் அல்லது ஹெச்.ஆர். யாராவது ஒருவர் "மருத்துவமனை நிர்வாகம்" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே இரண்டு கேள்விகள் வரும். "அதுக்கு எம்.பி.பி.எஸ். படிச்சிருக்கணுமே?" என்பது முதல் கேள்வி. "ஓ, ரிசப்ஷன்ல பில் போடுற வேலையா?" என்பது இரண்டாவது!

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் அந்தப் படிப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மருத்துவமனையை நடத்துவது டாக்டரின் வேலை என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பேர் அதை ஒரு குமாஸ்தா வேலை என்று நினைக்கிறார்கள். அது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்று நினைப்பவர்கள் ரொம்பக் குறைவு.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது உண்மையில் கஷ்டமே இல்லை. 1974-ல் இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது இந்த ஊர்த் துறைமுகம். ஒரு கப்பலை ஓட்டுபவர் கேப்டன்தான். ஆனால் கேப்டன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பெர்த் காலியாக இல்லை என்றால் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும். கஸ்டம்ஸ் காகிதம் தயாராக வேண்டும், கிரேன் வர வேண்டும், லாரி வரிசையில் நிற்க வேண்டும். சரக்கு நேரத்துக்கு நகராவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும். அதனால் துறைமுகத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு.

மருத்துவமனையிலும் இதே காத்திருப்பு உண்டு. காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க நிற்கும் உப்பளத் தொழிலாளி, டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடித்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது மதியம் ஆகிவிட்டால் அன்றைய கூலி போய்விட்டது. ஆக, மருத்துவமனையிலும் டெமரேஜ் உண்டு. கட்டுபவர் நோயாளி என்பதால் அது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை, அவ்வளவுதான்!

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கடற்கரைக்கு இன்னொரு விஷயமும் தெரியும். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவர் ஒருவர். மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவர் இன்னொருவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். மைத்துனரைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கை தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. முத்து எடுப்பவர் கீழே இருப்பவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் உயிர் மேலே இருப்பவர் கையில். மருத்துவமனையில் கீழே இறங்குபவர் டாக்டரும் நர்ஸும். கயிறு பிடிப்பவர் நிர்வாகி.

கயிறு பிடிக்கத் தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் வெளிநாட்டில் தேட வேண்டாம். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இன்று அந்தக் கிராமம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. முடக்குவாதத்தால் கைவிரல்கள் வளைந்துபோன பிறகும் கண் அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டு செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அரவிந்த் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமான கண் சிகிச்சைகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுபவை.

இதை வெறும் கருணை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. கருணை உள்ள டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அங்கே வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்பவர்கள், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்கள். டாக்டரின் ஒரு நிமிடமும் வீணாகாது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்பதால் 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகத் தயாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கட்டணம் கொடுப்பவர்களின் பணம், கொடுக்க முடியாதவர்களின் செலவையும் தாங்குகிறது. இது அத்தனையும் காஸ்ட் அக்கவுண்டிங் தானே? இந்த நிர்வாகத்தைக் கட்டி எழுப்பியதில் முக்கியமானவர் ஆர்.டி. துளசிராஜ். அவர் டாக்டர் இல்லை, ஐ.ஐ.எம். கல்கத்தாவில் மேலாண்மை படித்தவர். இந்த வித்தையை மற்ற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லிக் கொடுக்க லைக்கோ என்ற தனி நிறுவனமே 1992 முதல் மதுரையில் இயங்குகிறது.

அது தனியார் அறக்கட்டளை, அரசாங்கத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் போட்டு வாங்குவது, ஒவ்வொரு பேட்ச்சையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே வெளியே விடுவது, மாவட்டக் கிடங்குகளில் வைத்து விநியோகிப்பது... இதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் கொடுப்பதுபோல ஒரு பாஸ்புக். ஒதுக்கப்பட்ட தொகை அதில் இருக்கும், மருந்து எடுக்க எடுக்கக் கழியும். பி.காம். முதல் வருடத்தில் படிக்கும் டெபிட், கிரெடிட் கணக்குதான். அது மருந்து அலமாரியைக் காலியாகாமல் வைத்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துத் தங்கள் ஊரிலும் இதே மாதிரி ஆரம்பித்தன.

அப்படியானால் வணிகவியல் படித்தவர் நேராகப் போய் மருத்துவமனையை நடத்திவிடலாமா? கூடாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சரக்கு நிர்வாகத்தில் ஏ.பி.சி. பகுப்பாய்வு என்று ஒன்று படிக்கிறார்கள். விலை அதிகமான பொருள் 'ஏ', அதன் மேல் கண் வை. விலை குறைந்தது 'சி', அதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. ஆனால் மருத்துவமனையில் ஒரு அட்ரினலின் ஊசி மருந்து விலைப்படி 'சி'. ஒவ்வாமையில் மூச்சு அடைத்து வந்தவருக்கு அந்த நிமிடத்தில் அது இல்லாவிட்டால் உயிர் போய்விடும். அதனால்தான் மருத்துவமனை நிர்வாகத்தில் 'உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது' என்று இன்னொரு பகுப்பாய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. முதலில் வந்ததை முதலில் கொடு என்பது கடை விதி. முதலில் காலாவதி ஆவதை முதலில் கொடு என்பது மருந்தக விதி. ஹோட்டலில் எல்லா அறையும் நிரம்பினால் முதலாளிக்குச் சந்தோஷம். மருத்துவமனையில் கட்டில்கள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பியே இருந்தால் அவசரமாக வருபவருக்கு இடம் கிடைக்காமல் போகும் என்று பயப்பட வேண்டும். இங்கே காலி கட்டில் என்பது நஷ்டம் அல்ல, தயார்நிலை.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். 1983-ல் அந்நாட்டு அரசு, செயின்ஸ்பரி என்ற பெரிய கடைத்தொடரை நடத்திய ராய் கிரிஃபித்ஸ் என்பவரிடம் அரசு மருத்துவமனைகளின் நிர்வாகத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டது. யார் பொறுப்பு என்றே தெரியவில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொது மேலாளர் வேண்டும் என்றார் அவர். நியாயமான யோசனைதான், அப்படியே நியமித்தார்கள். ஆனால் இருபது வருடங்களுக்குப் பிறகு ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது வேறு. பட்ஜெட்டும் இலக்குகளுமே பெரிதாகிப்போய், ஆட்களைக் குறைத்து, நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த கொடுமையை 2013-ல் வெளியான ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை விரிவாகச் சொன்னது. கயிறு பிடித்தவர் கீழே இருப்பவரை மறந்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு அது.

ஆக, கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, வைத்தியம் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இது எல்லோருக்கும் உறைத்தது. ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவாகிறது, டேங்கில் எவ்வளவு மிச்சம், அடுத்த டேங்கர் எங்கே வந்துகொண்டிருக்கிறது, எந்தக் குழாயில் கசிகிறது என்பதெல்லாம் நிர்வாகக் கணக்கு. 2018 முதல் மூடிக்கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் ஆக்சிஜன் பிரிவை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுக்கும் அளவுக்கு நாட்டில் நிலைமை போனது. உற்பத்தி செய்த ஆக்சிஜனையும் டேங்கரில் ஏற்றி, நேரத்துக்குக் கொண்டு சேர்த்தால்தான் அது கட்டிலுக்கு வரும்.

சரி, இவ்வளவு தேவை இருக்கிறதே, கதவு திறந்திருக்கிறதா?

பாதிதான் திறந்திருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் எந்தப் பட்டதாரியும் மருத்துவமனை நிர்வாக முதுகலை படிக்கலாம். டெல்லி எய்ம்ஸில் இதே துறை மேற்படிப்பு டாக்டர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டிலும் பல கல்லூரிகள் இந்தப் படிப்பை நடத்துகின்றன. தனியார் மருத்துவமனைகளில் வேலையும் இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனையில்? டீன், கண்காணிப்பாளர், உறைவிட மருத்துவ அதிகாரி என்று நிர்வாகத்தின் மேல்படிகள் எல்லாம் டாக்டர்களுக்கே. தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000-ல் வந்தது. அங்கே உருவாகும் ஒரு நல்ல அறுவை நிபுணர், சீனியாரிட்டி வந்ததும் கத்தியை வைத்துவிட்டு லிஃப்ட் ரிப்பேர், துப்புரவு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல் என்று ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல டாக்டரை இழந்து, பயிற்சி இல்லாத ஒரு நிர்வாகியைப் பெறுவது யாருக்கு லாபம்?

இத்தனைக்கும் தனிப் பயிற்சியின் அருமை தெரிந்த மாநிலம் இது. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்டு, அதற்குத் தனித் துறையும் வைத்து, அதில் அதிகாரி ஆக வேண்டுமானால் டாக்டராக இருந்தாலும் பொது சுகாதாரம் தனியே படித்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மற்ற மாநிலங்களும் இப்படிப் பொது சுகாதார மேலாண்மைப் பிரிவை உருவாக்க வேண்டும் என்று 2017 தேசிய நலக் கொள்கை சொன்னது. கொசு ஒழிப்புக்குத் தனிப் படிப்பு வேண்டும் என்று ஒத்துக்கொண்டவர்கள், பல நூறு கட்டில் உள்ள மருத்துவமனையை நடத்தவும் தனிப் படிப்பு வேண்டும் என்று ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது? சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவுகள் டாக்டர் கையிலேயே இருக்கட்டும். கொள்முதல், பராமரிப்பு, ஆவணங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கிளெய்ம் வேலை, இவற்றுக்குப் படித்த நிர்வாகிகளைத் தேர்வு வைத்து எடுக்கலாம். காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு காகிதம் சரியாக இல்லாமல் கிளெய்ம் திரும்பி வந்தால் நஷ்டம் அரசு மருத்துவமனைக்குத்தான்.

படிக்க வருபவர்களும் கண்ணைத் திறந்துகொண்டு வர வேண்டும். விளம்பரத்தில் கோட் போட்ட படமும் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்ற வாசகமும் இருந்தால் அதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. அந்தப் பட்டத்தைத் தரும் பல்கலைக்கழகம் எது? நிஜமான மருத்துவமனையில் எத்தனை மாதம் பயிற்சி? நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் பாடத்தில் இருக்கின்றனவா, இல்லை மார்க்கெட்டிங் மட்டும்தானா? பாடம் எடுப்பவர்களில் ஒருவராவது மருத்துவமனையை நடத்தியவரா? இவற்றைக் கேட்டுவிட்டுச் சேருவது நல்லது. முதல் வேலை பெரும்பாலும் பில்லிங் அல்லது இன்சூரன்ஸ் மேஜையில்தான் கிடைக்கும், நைட் டூட்டியும் இருக்கும். அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் ஒரு குடும்பம் மருத்துவமனையை முதலில் சந்திக்கும் இடம் அந்த மேஜைதான். அங்கே உட்கார்ந்து, எந்தக் காகிதம் இருந்தால் காப்பீடு கிடைக்கும் என்று பொறுமையாகச் சொல்லக் கற்றுக்கொள்ளாதவர் பிறகு எந்தப் பதவிக்குப் போனாலும் நல்ல நிர்வாகி ஆக முடியாது.

தூத்துக்குடியில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகளில் நூறில் ஐந்து பேர் இந்தப் பக்கம் திரும்பினால்கூடப் போதும். சரக்கை நேரத்துக்கு நகர்த்தத் தெரிந்த ஊர் இது. மனிதர்களைக் காக்க வைக்காமல் நகர்த்தவும் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு அரசாங்கம் அந்த மீதிப் பாதிக் கதவையும் திறந்துவைக்க வேண்டும்.