272 படிகளும் இரண்டே இலக்கங்களும்

 

"இரும எண்ணா? அது இடைநிலைப்பள்ளிப் பாடம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு? தேர்வில் வருமா?" என்று அண்மையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் 'தேர்வில் வருமா?' என்னும் கேள்வி மட்டும் நம் நாவை விட்டு அகலவில்லை!

படிவம் 1இல் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் தன் பயிற்சிப் புத்தகத்துடன் என்னைக் காண வந்தான். இரண்டால் வகுத்து, மீதியைக் கீழிருந்து மேலாக எழுதி, எல்லா வினாக்களுக்கும் சரியாக விடையளித்திருந்தான். "இடக்கோடியில் உள்ள 1இன் மதிப்பு என்ன?" என்றேன். "தெரியாது டீச்சர். அப்படித்தான் எழுத வேண்டும்" என்றான். மதிப்பெண் முழுமை, புரிதல் சுழியம். இக்குறையைப் பிள்ளையின் மேல் சுமத்துவது நியாயமா?

மறுவாரம் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒன்பது மாணவர்களை வரிசையாக அமர்த்தி, இடமிருந்து வலமாக 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என அட்டைகளைக் கொடுத்தேன். எழுந்தால் 1, அமர்ந்தால் 0. "பத்துமலைப் படிகள் எத்தனை?" "272!" தைப்பூசம்தோறும் ஏறும் பிள்ளைகளாயிற்றே! 256 எழுந்தது. எஞ்சிய 16க்கு 16 எழுந்தது. மற்றவை அமர்ந்திருந்தன. 100010000 என்று வகுப்பே வாசித்தது. "இன்னொரு படி கட்டினால்?" என்றான் ஒருவன். 1 எழுந்தது. "மேலும் ஒன்று?" 1 அமர, 2 எழுந்தது. பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து. இங்கே இரண்டு ஒன்றுகள் சேர்ந்தால் ஓர் இரண்டு. இடமதிப்பை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

இவ்வாறு இரட்டிப்பது தமிழுக்குப் புதிதன்று. நேர், நிரை என்னும் இரண்டே அசைகளால் ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என யாப்பிலக்கணம் வகுத்துள்ளது. அரை, கால், அரைக்கால், வீசம் என்பனவும் பாதி பாதியாய்க் குறைவனவே.

ஆனால், "ஆகவே கணினியைக் கண்டவன் தமிழனே" என்று புலனத்தில் பரப்புவோருக்கு ஒரு சொல். சீர்களை எண்ணுவது வேறு. 0, 1 கொண்டு இடமதிப்பில் கணக்கிடுவது வேறு. அக்கணக்கை விளக்கி லைப்னிட்சு 1703இல் கட்டுரை படைத்தார். பெருமை பேசுவதால் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடாது.

இதற்குக் கணினிக்கூடம் வேண்டா, மானியமும் வேண்டா. ஒன்பது அட்டைகளும் அரைமணி நேரமும் போதும். பின்னாளில் வேற்றுமொழியில் சந்திக்கவிருக்கும் கருத்தைத் தாய்மொழியில் முன்னரே புரிந்துகொண்ட பிள்ளை அங்கே தலைகுனியாது. அந்த அரைமணி நேரத்தைக்கூட நாம் மறுக்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.