சேகரிப்பவர்கள் எதைச் சேகரிக்கிறார்கள்?

பழைய பொருள்களைச் சேர்த்து வைப்பவரிடம் நமக்கு ஒரு மரியாதை தானாகவே ஏற்பட்டுவிடுகிறது. சேகரிப்பவர் என்றாலே ரசிகர், ரசிகர் என்றாலே மரபைக் காப்பவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவை யாராவது கேள்வி கேட்டாக வேண்டும்.

குத்தாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஓட்டுவீடு இடிபடும்போது வெளியே வருகிற சாமான்களில் ஒன்று வெற்றிலைச் செல்லம். வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. கூடவே ஒரு பாக்குவெட்டி. இரண்டும் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போகின்றன. அங்கிருந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கோ வேறு பட்டணத்துக் கடைகளுக்கோ போய், புளி போட்டுத் துலக்கப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரியில் 'ஆன்டிக்' என்ற பட்டத்துடன் உட்காருகின்றன. எந்த ஊர்ச் செல்லம், யார் செய்தது, புகையிலைக்கு ஏன் இத்தனை பெரிய இடம், பாக்குவெட்டி யார் கைக்கு அடங்க இத்தனை சிறியது என்று அலமாரிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "நூறு வருஷம் இருக்கும் சார்" என்பார். அவருக்குத் தெரிந்தது வயது ஒன்றுதான். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறு வயதைத்தான் கேட்கிறது. சட்டத்துக்கு எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், மன்னிக்கலாம். ரசனைக்குமா அதே கோடு?

மேற்கே இதே மாதிரி ஒரு பைத்தியம் உண்டு. பழைய இத்தாலியப் புகைக்குழாய்களைச் சேர்ப்பது. பிரையர் என்பது மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் வேர்முண்டு. அதை வேகவைத்து, நிதானமாக உலர்த்திய பிறகே குடைகிறார்கள். 1947இல் கார்லோ ஸ்காட்டி கான்டூ நகரில் தொடங்கிய காஸ்டெல்லோ பட்டறையின் குழாய் ஒன்று கைக்கு வந்தால், சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அதில் குத்தியிருக்கும் முத்திரையை. பட்டறை எது, தரம் எது, அளவைக் குறிக்க எத்தனை 'கே' என்று படிக்கிறார். பிறகு புகைத்தும் பார்க்கிறார். புகையிலையின் தீங்கு வேறு விவகாரம். அது குழாய்க்கும் செல்லத்துக்கும் பொது. நான் சொல்வது அந்தப் பைத்தியத்தில் இருக்கும் ஒழுங்கை. அங்கேயும் காசுக்காகச் சேர்ப்பவன் உண்டு. ஆனால் அவன்கூட முத்திரையைப் படிக்காமல் விலை பேச முடியாது.

நம் செல்லத்தில் முத்திரை இல்லையே என்பார்கள். சிலவற்றில் பெயர் வெட்டியிருக்கும், அதுவும் வாங்கியவர் பெயர், செய்தவர் பெயரல்ல. அதனால்தான் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். அந்த வீட்டுப் பாட்டியின் ஞாபகம்தான் நம் பொருளுக்கு முத்திரை. வீடு இடிபடும் அன்று அவளிடம் கேட்காமல் விட்டால் மிஞ்சுவது எடை மட்டுமே.

இதற்கு முன்னுதாரணம் தேடி இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் திருவாவடுதுறையில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையரும் சேகரிப்பவர்தான். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். கிடைத்ததை அடுக்கிவைத்து அழகு பார்க்கவில்லை. 1887இல் சீவகசிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அச்சேற்றினார். ஏடு உதவியவர் யார் என்பதைப் பதிவு செய்தார், பாடபேதங்களைக் குறித்தார்.

அதே பக்கத்து நரசிங்கம்பேட்டையில், இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நாயனம் செய்த ரங்கநாதன் ஆசாரியின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. காரணம் எளிது. நாயனம் ஊதப்படுகிறது. ஊதுகிறவருக்கு எவர் கடைந்தது என்பது முக்கியம். ஒரே வீட்டிலிருந்து வந்தாலும் உத்திரத்துக்குக் கிடைத்த கதி செல்லத்துக்குக் கிடைக்கவில்லை.

"நாங்கள் வாங்காவிட்டால் உருக்கியிருப்பார்கள்" என்பது சேகரிப்பவர்களின் வாதம். உண்மைதான். ஆனால் உலைக்குத் தப்பியது பித்தளை. அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாசலிலேயே விழுந்துவிட்டது.

இது பாத்திர விவகாரம் மட்டுமல்ல. 'எழுத்து' (1959–70) இதழ்களைப் பைண்டு செய்து அடுக்கி, விடுபட்ட ஓர் இதழுக்கு என்ன விலையும் கொடுக்கத் தயாராக இருந்து, அதில் ஒரு விமர்சனக் கட்டுரையைக்கூடப் படிக்காதவரும் இதே வர்க்கம்தான்.

கேட்பது அதிகமில்லை. பொருளோடு ஒரு துண்டுச் சீட்டு. ஊர், வைத்திருந்தவரின் தொழில், செய்தவர் யார், வீட்டில் அதை என்ன பெயர் சொன்னார்கள், எந்த அறையில் என்ன இருந்தது. இதை எழுதச் சலித்துக்கொள்கிறவர் சேகரிப்பவர் அல்ல, அவரும் பழைய பாத்திரக்காரர்தான். தெருவில் வருகிற பாத்திரக்காரராவது தராசை மறைத்து வைப்பதில்லை.