பரண் மட்டும் காவலாகுமா?

1940இல் பிரிட்டனைக் காத்தது ராடார் என்னும் கருவியே என்ற புராணத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும் விமானமொன்றின் வானொலி எதிரொலியைக் கண்டது மெய்தான். ஆனால் போர் மூண்டபோது ஜெர்மனியிடமும் ‘ஃப்ரேயா’ இருந்தது. நுட்பத்தில் அது பிரிட்டிஷ் கோபுரங்களுக்கு இளைத்ததன்று. பிரிட்டனிடம் கூடுதலாக இருந்தவை தொலைபேசிக் கம்பிகளும், முரண்படும் தகவல்களைச் சலித்தெடுக்க டௌடிங் அமைத்த ஏற்பாடும், வரைபட மேசையைச் சூழ்ந்து நின்ற இளம்பெண்களுமே.

ஐயமுடையோர் ஹவாயைப் பார்க்கட்டும். 1941 டிசம்பர் 7 காலை 7.02க்கே, ஏறத்தாழ 130 மைல் தொலைவில் வந்த ஜப்பானிய விமானங்களை ஓபனா ராடார் காட்டிவிட்டது. அங்கிருந்த இரு வீரர்களும் தகவல் மையத்துக்குத் தெரிவித்தனர். வரவேண்டிய அமெரிக்க விமானங்கள்தாம் அவை என்றெண்ணிய இளம் அதிகாரி, கவலை வேண்டாம் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் பேர்ல் ஹார்பரில் குண்டுகள் விழுந்தன.

அவரைமட்டும் பழிப்பதும் அதே புராணத்தின் மறுபக்கமே. செய்தியைச் சரிபார்க்க வேண்டியவர்கள் பணிநேரம் முடிந்து போயிருந்தனர். கருவிக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டுக் காவல் முடிந்ததாய் நம்பும் அரசுகளைக் கேட்கிறோம்: பரண் கட்டினீர்கள் சரி, கூவினால் கேட்க ஆள் வைத்தீர்களா?