குவாரி பாஸ் ட்ரெக்: கைடு ‘திரும்பலாம்’ என்றால் திரும்பிவிடுங்கள்!

‘டென்ட், சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். முன் அனுபவம் தேவையில்லை!’ இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே இமயமலை ட்ரெக்கிங் விளம்பரங்கள்தான். அதில் அடிக்கடி கண்ணில் படும் பெயர், உத்தராகண்டின் குவாரி பாஸ். போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால், அந்த பேக்கேஜில் ‘கைடு’ என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொண்டு போங்கள்.

அது என்ன பாதை?

சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் பக்கம் இருக்கும் மலைக் கணவாய் இது. ஆடு மேய்ப்பவர்கள் காலங்காலமாக நடந்த தடம், பிறகு வைஸ்ராய் கர்சன் பிரபுவின் பெயரால் ‘கர்சன் டிரெயில்’ ஆனது. 1934-ல் நந்தா தேவிக்கு வழி தேடிப் போன எரிக் ஷிப்டனும் டில்மனும் இந்தக் கணவாயைத் தாண்டித்தான் ஜோஷிமட் வந்தார்கள். குவால்தமில் தொடங்கும் அந்த நீண்ட பாதையின் கடைசித் துண்டைத்தான் இன்றைய பேக்கேஜ்கள் விற்கின்றன.

குட்டி ட்ரெக்தானே, என்ன ஆபத்து?

தூரம்தான் குட்டி, உயரம் இல்லை. ஜோஷிமட் 1,900 மீட்டருக்கும் கீழே. கணவாய் 3,600 மீட்டருக்கும் மேலே. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 3,600 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வரலாம். மாரத்தான் ஓடுபவருக்கும் வரும்.

வானிலை இன்னொரு பக்கம். 2024 ஜூனில் இதே உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகாவிலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். அவர்களுடனும் உள்ளூர் கைடுகள் இருந்தார்கள்.

அப்போ கைடு எதற்கு?

வழி காட்ட மட்டும் என்றால் போனில் ஜிபிஎஸ் போதும். யார் சாப்பிடவில்லை, யார் பின்தங்குகிறார், மேகம் எங்கே கூடுகிறது என்று பார்த்து, ‘போதும், இறங்கலாம்’ என்று சொல்வதுதான் அவரது நிஜமான வேலை. அதைச் சொல்லத்தான் நாம் விடுவதில்லை. “காசு கட்டியிருக்கோம்ல, மேல கூட்டிட்டுப் போங்க” என்று பத்துப் பேர் சேர்ந்து சொன்னால், அடுத்த சீசன் வேலையையும் ரிவ்யூ ஸ்டாரையும் நினைத்து அவர் தயங்கத்தான் செய்வார்.

கைடின் கணிப்பு தப்பாகலாம், இறங்கிய பிறகு வானம் வெளுக்கலாம் என்பதும் உண்மைதான். அப்படி நடந்தால் போவது ஒரு வியூ. அவர் பேச்சைக் கேட்காமல் ஏறி, வானிலை மாறினால் போவது உயிர்.

புக் செய்யும் முன் கேளுங்கள்

* திரும்புவது பற்றிய கடைசி முடிவு கைடுடையதுதான் என்று எழுத்தில் தருவார்களா?
* வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள் கூடுதலாக இருக்கிறதா?
* ஒருவருக்கு முடியாமல் போனால், அவரோடு இறங்க இரண்டாவது கைடு உண்டா?

இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கணவாயைத் தொடாமல் திரும்பினாலும் ஏமாற்றம் இல்லை. 7,816 மீட்டர் நந்தா தேவி, மேகம் இல்லாவிட்டால், கீழே கோர்சன் புல்வெளியிலிருந்தே தெரியும்.