யாருடைய வெற்றி? யாருடைய பதக்கம்?

மண்ணடிக்குச் சரக்கெடுக்கப் போகாத ஓமலூர் வியாபாரி உண்டா? இரவு ரயிலேறி விடியலில் இறங்கி, பாரிமுனையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கி, மூட்டைகளை லாரி செட்டில் போட்டுவிட்டு மறுபடி ரயில். அந்தப் பாரிமுனையிலிருந்து பொடிநடையாகப் போனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அதற்குள் 1948 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது; மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் நடக்கிறது. கம்பெனிப் படையின் துப்பாக்கிகள், வாள்கள், சீருடைகள், பதக்கங்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்?

போனவர்கள் ஒரு பெரிய சலவைக்கல் சிலையைப் பார்த்திருப்பார்கள். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். தாமஸ் பேங்க்ஸ் என்ற லண்டன் சிற்பி செதுக்கியது. முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைக் காரன்வாலிஸ் பிணையாகப் பெற்றுக்கொள்ளும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. அப்துல் காலிக், முயிஸுத்தீன். ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு எட்டு. 1792 பிப்ரவரியில் பிடித்துச் சென்று, 1794-ல்தான் தகப்பனிடம் திருப்பி அனுப்பினார்கள். பச்சிளம் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்ததை வீரச்செயலாகக் கல்லில் வெட்டி வைக்கும் நாகரிகத்தை என்னவென்று சொல்வது!

இதற்கும் ஓமலூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தப் பிள்ளைகள் எந்த உடன்படிக்கைக்குப் பிணையானார்களோ, அதே 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனியின் கைக்குப் போயின. பாதி ராஜ்யம் பறிபோனது. அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். நாம் நிற்கும் இந்த மண் கைமாறிய கிரயப் பத்திரம் அந்தப் பீடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு போட்டவர்கள் வெள்ளையர் மட்டுமல்ல. மராட்டியரும் வாங்கினார்கள், ஹைதராபாத் நிஜாமும் வாங்கினார். கலிமா சொன்னவர்தான் நிஜாம். இதையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

ஏழாண்டுகள் கழித்து, 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அந்த வெற்றிக்காகக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அச்சானது. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்கு வெள்ளி, சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயம். லண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் காட்சிக்குரிய பொருள் அது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு சிங்கம் ஒரு புலியை வீழ்த்தி மிதிக்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. மேலே பறக்கும் கொடியில் அரபி எழுத்துகள். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘அசதுல்லாஹில் ஃகாலிப்’. அல்லாஹ்வின் சிங்கமே வெல்லும்!

அசதுல்லாஹ் என்பது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர் என்பதை மதரஸாப் பிள்ளையும் அறியும். இந்த வாசகத்தைத்தான் திப்பு புலிமுக வடிவில் எழுதித் தன் ஆயுதங்களிலும் கொடியிலும் பொறித்து வைத்திருந்தார். அதே வாசகத்தைப் பிடுங்கி, அவரை மிதிக்கும் சிங்கத்தின் தலைக்கு மேல் மாட்டினார்கள். மறுபக்கம் பாரசீகத்தில், ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை இறைவன் தந்தது என்று பொருள்படும் வாசகம். திப்பு தம் அரசுக்கு வைத்த பெயரே ‘சர்க்காரே குதாதாத்’, இறைவன் தந்த அரசு என்பதை நினைத்துப் பாருங்கள். கொள்ளையடித்த வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றித் தன் வாசலில் மாட்டிக்கொள்ளும் திமிர் இது! அந்த வெள்ளீயப் பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்ட சிப்பாய்களில் தமிழனும் இருந்தான், தெலுங்கனும் இருந்தான், முஸ்லிமும் இருந்தான். அரபி எழுத்து புரிந்த ஒருவனாவது ராத்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்க மாட்டானா?

விழித்துத்தான் இருந்தார்கள். 1806-ல் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போடு, தாடியை மட்டமாக வெட்டு, நெற்றியில் திருநீறு நாமம் கூடாது, கடுக்கன் கூடாது என்று சீருடைச் சட்டம் வந்தபோது, ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இந்து முஸ்லிம் சிப்பாய்கள் சேர்ந்தே துப்பாக்கி தூக்கினார்கள். கோட்டை உச்சியில் ஏறியது திப்புவின் புலிக்கொடி. அன்று அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்களில் ஒருவர் யார்? சிலைப் பீடத்தில் எட்டு வயதுப் பிள்ளையாக நிற்கிறாரே, அதே முயிஸுத்தீன்! ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தான். (அதே கோட்டைப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அனுமதி இல்லாதது தனிக் கதை. அதற்கு ஓர் இதழே போதாது.)

‘இரண்டு நூற்றாண்டுப் பழைய தகரத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?’ என்று கேட்கும் புத்திசாலிகள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்காக நேற்றைய கதை ஒன்று.

போஸ்னியாவுக்காக நம் பள்ளிவாசல்களில் குனூத் ஓதிய நாட்கள் மறந்துவிட்டனவா? 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் செர்பியப் படை கொன்றது. ஐ.நா. படையிடம் பறித்த நீலத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, காட்டில் ஒளிந்தவர்களைக் ‘காப்பாற்ற வந்திருக்கிறோம்’ என்று அழைத்துக் கொன்றார்கள். சீருடை வெறும் துணியா? அந்த ஊரைக் காக்க வேண்டிய டச்சு வீரர்களுக்கு 2006 டிசம்பரில் அவர்கள் நாட்டு அரசு நெஞ்சில் குத்தும் சின்னம் கொடுத்துக் கௌரவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் கதறி எதிர்த்தார்கள்; கேட்பாரில்லை. 2016 மார்ச்சில் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ராடோவான் கராட்சிச்சுக்கு ஹேக் நீதிமன்றம் 40 ஆண்டுச் சிறை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் போஸ்னிய செர்புக் குடியரசின் சட்டமன்றம் அவருக்கு விருதளித்தது! (2019-ல் தண்டனை ஆயுளாயிற்று.) நாளைக்கு இவையும் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். பக்கத்து அட்டையில் என்ன எழுதப்போகிறார்கள்?

போஸ்னியர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டச்சுப் படை முகாமிட்டிருந்த பொட்டோச்சாரி பேட்டரித் தொழிற்சாலையையே நினைவகத்தின் ஒரு பகுதியாக்கி, குழிகளில் எலும்புகளோடு கிடைத்த கடிகாரத்தையும் புகையிலைப் பெட்டியையும் பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள். பதக்கத்துக்குப் பதில் சொல்வது அந்தக் கடிகாரம்.

நாம் என்ன செய்தோம்? சுவரொட்டியில் திப்புவின் வாளை அச்சடித்தோம். 2023-ல் அவர் படுக்கையறை வாள் லண்டனில் ஒரு கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனபோது பெருமூச்சு விட்டோம். கர்நாடகத்தில் 2019-ல் திப்பு ஜெயந்தியை அரசு ரத்து செய்தபோது கண்டனக் கூட்டம் போட்டுக் கலைந்தோம். பதக்கத்தில் அல்லாஹ்வின் பெயர் இருப்பது நம் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது!

சிலையை உடைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. இருக்கட்டும், அதுதான் அவர்கள் கையால் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். அந்தப் பீடத்தின் அருகே, அந்தப் பிள்ளைகளின் பெயரும் வயதும், எந்தெந்தச் சீமைகளை எழுதி வாங்கினார்கள் என்பதும் தமிழில் விளங்கும்படி இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள். இல்லையென்றால் தொல்லியல் துறைக்கு ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதுங்கள். ஓமலூரிலிருந்து ஒன்று, தாரமங்கலத்திலிருந்து ஒன்று, சங்ககிரியிலிருந்து ஒன்று. பத்துக் கடிதம் போனால் பதில் வரும்.

இன்னொன்று. முதல் உலகப் போருக்குப் போன நம் பாட்டனார்கள் சிலர் வீட்டில் வெள்ளிப் பதக்கம் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு உருக்கப் போட்டுவிடாதீர்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் வெட்டியிருக்கும். யாருக்காகச் சண்டையிட்டார் என்ற கேள்வி இருக்கட்டும். அவர் பெயர் உலோகத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். முதலில் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவை மண்ணடியில் முடித்துக்கொண்டு, இரவு தங்கி, சனிக்கிழமை காலை போங்கள். பையனையும் அழைத்துப் போங்கள்.